தோட்டத்து மழலையின் வரலாறு



சரித்திரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அரசர்களும், அவர்தம் போர்களும், அவர்கள் கட்டிய கோயில்களும் குளங்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஒரு பிள்ளையின் கழுத்து நின்றது, பிள்ளை தவழ்ந்தது, முதலடி எடுத்து வைத்தது என்னும் செய்திகளைச் சரித்திர நூல்களில் எவரும் தேடுவதில்லை. ஆயினும், ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை எவ்வாறு கழிக்கச் செய்தது என்பதை அறிந்தால், அச்சமூகத்தின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் விளங்கிவிடும். சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே பிறந்த சிசுக்களும் நடைபயிலும் மழலைகளும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்து வந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பிள்ளையின் வளர்ச்சியைக் காலமறிந்து கணக்கிடும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாகப் பாவித்து, அவன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அப்பிரபந்தத்தின் மரபு. ஐந்தாம் மாதத்திலே தலையை நிமிர்த்திச் செங்கீரை ஆடும். ஒன்பதாம் மாதத்திலே கைகொட்டிச் சப்பாணி ஆடும். பதினோராம் மாதத்திலே முத்தம் தரும். ஓராண்டு நிரம்பியதும் தளர்நடையிட்டு வரும் என்று பாட்டியல் நூல்கள் வகுத்துரைத்தன. மாதக் கணக்கிலே சிறு வேறுபாடுகள் இருப்பினும், இன்றைய மருத்துவர் கூறும் பருவங்களோடு இவை பெரிதும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. பெற்ற தாய் நாடோறும் கண்டு மகிழ்ந்தவற்றையே புலவர்கள் இலக்கணமாக்கினர் என்பதில் ஐயமில்லை.

மேனாட்டாரோ இதனை அளவுகோல் கொண்டு அணுகினர். பிரான்சு நாட்டிலே மொன்பேயார் என்னும் பிரபு, 1759ஆம் ஆண்டு பிறந்த தம் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, அவனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை குறித்து வைத்தார். அக்குறிப்பை இயற்கை நூலறிஞர் பூபோன் 1777ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்தெழுதிய பதிவுகளுள் நாம் அறிந்தவரை முந்தியது அதுவே. அதனால் விளங்கிய பேருண்மை ஒன்றுண்டு. மனித உடல் மிக விரைவாக வளர்வது பிறந்த முதலாண்டிலே. அடுத்த ஆண்டில் அவ்வேகம் குறைகின்றது. பின்னர் மேலும் தணிகின்றது. ஆகவே முதலிரண்டு ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியை மீட்டல் எளிதன்று.

சோழ மன்னனின் பருவங்களைப் புலவர் எண்ணினார். பிரபுவின் மகனைத் தந்தை அளந்தார். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையை எண்ணியவரும் அளந்தவரும் யாவர்? இக்கேள்விக்கு விடை காணவேண்டின், முதலில் நம் பகுதியிலே தோட்டங்கள் உண்டான வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கேகாலையிலிருந்து வரும் வீதி, அவிசாவளையிலிருந்து அற்றனுக்குச் செல்லும் பெருவீதியைச் சந்திக்கும் இடத்திலே கரவனெல்ல அமைந்துள்ளது. ஒருபுறம் ருவான்வெல்ல, மறுபுறம் யட்டியாந்தோட்டை. அருகே களனி கங்கை ஓடுகின்றது. இப்பள்ளத்தாக்கின் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும் வளர்கின்றன. இலங்கையிலே முதலிற் பெருகியது கோப்பிப் பயிர். கோப்பிப் பழம் பறிப்பது சில மாதத்து வேலை. ஆதலால், தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் ஆடவரே வந்து, பருவம் முடிந்தபின் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் தேயிலை வந்தது. 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து இலண்டனுக்குச் சென்ற இறப்பர் விதைகளின் கன்றுகள் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் களனிப் பள்ளத்தாக்கெங்கும் இறப்பர் பரவியது.

தேயிலையும் இறப்பரும் ஆண்டு முழுவதும் வேலை தருவன. தேயிலைக் கொழுந்து பறித்தற்குப் பெண்களின் கைகள் வேண்டப்பட்டன. ஆகவே கங்காணிமார் தனி ஆடவரை விடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். இவ்வாறுதான் லயத்துக் காம்பராக்களிலே தொட்டில்கள் தொங்கத் தொடங்கின. பயிர் மாறியமையே இம்மண்ணிலே நம் பிள்ளைகள் பிறப்பதற்குக் காரணமாயிற்று என்றால் அது மிகையாகாது.

பிள்ளை பிறந்தது, ஆனால் தாயின் நேரம் பிள்ளைக்கு உரியதாக இருக்கவில்லை. இறப்பர் மரத்திலே பால் வெட்டும் தொழிலை நேயர்களிற் பலர் அறிவீர்கள். வெயில் ஏறுமுன், குளிர்ந்த விடியற்பொழுதிலேதான் பால் நன்றாகச் சுரக்கும். எனவே பொழுது புலருமுன்பே தாய் கத்தியும் வாளியுமாக மலைக்குச் செல்லவேண்டும். மரத்துப் பாலைச் சேர்க்கும் அந்நேரமே, வீட்டிலே சிசு விழித்துத் தாய்ப்பாலுக்கு அழும் நேரமுமாகும். தேயிலைத் தோட்டத்திலும் நிலைமை வேறன்று. காலையிலே பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்த பின்னர், மாலைவரை மலையிலேதான் வேலை. கொழுந்து நிறுக்கும் வேளையிலோ மதிய உணவு வேளையிலோ ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மீளுதலே அவளாற் கூடியது.

தாயில்லாத அப்பொழுதிலே பிள்ளையைக் காத்தவர் யார்? கிராமத்துக் குடும்பத்திலே பாட்டி இருப்பாள். தோட்டத்திலோ, நடக்க முடிந்த பாட்டியும் வேலைக்குச் சென்றாள். மூத்த பிள்ளை இளைய பிள்ளையை இடுப்பிற் சுமந்தது. அதனால் மூத்த பிள்ளையின் படிப்புத் தடைப்பட்டது. இந்நிலையில் உருவானதே ‘பிள்ளைக்காம்பரா’. லயத்தின் ஓர் அறையையோ தனியாகப் போட்ட கொட்டகையையோ ஒதுக்கி, கூரைமரத்திலே சேலைத் தொட்டில்களைக் கட்டி, ஓர் ஆயாவை நியமித்தனர். மலையில் வேலைசெய்ய வலுவற்ற முதியவளுக்கே பெரும்பாலும் அப்பணி வழங்கப்பட்டது. அவளிடம் அன்பு இருந்திருக்கலாம், தாலாட்டும் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஆயா பல பிள்ளைகளைக் காக்கும் இடத்திலே, அழாமற் பார்த்துக் கொள்ளுதல்தான் இயலுமேயன்றி, ஒவ்வொரு பிள்ளையோடும் பேசி விளையாடி ஊட்டி வளர்த்தல் எவ்வாறு இயலும்? பிள்ளைக்காம்பரா என்பது தாயை வேலைக்கு விடுவிக்கும் ஏற்பாடாகத் தோன்றியதேயன்றி, பிள்ளையை வளர்க்கும் ஏற்பாடாகத் தோன்றவில்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனிச் சட்டம் செய்ததைக் காண்போம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்கெனக் குடியேற்ற அரசாங்கம் 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. பின்னர் வந்த சட்டங்களின்கீழ்த் தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டு, அங்கங்கே மருத்துவரும் வைத்தியசாலைகளும் அமைந்தன. 1912ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறையுளும் அளிக்கவேண்டும் என்றும், மருத்துவரின் அனுமதியின்றி அந்நாட்களில் அவளிடம் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது. ஒரு வயதிற்குட்பட்ட சிசுக்களுக்குத் தக்க பராமரிப்பும் போதிய ஊட்டமும் கிடைக்குமாறு பார்ப்பது தோட்டத்துரையின் கடமை என்றும் அச்சட்டம் கூறியது.

எழுத்தளவிலே இது பாராட்டத்தக்கதே. ஆயினும் அதன் எல்லையைக் கவனியுங்கள். சட்டத்தின் கருணை ஒரு வயதோடு நின்றுவிடுகின்றது. பிள்ளையின் வாழ்விலே மிக இடர் நிறைந்த பருவமோ ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடைப்பட்டதாகும். அப்போதுதான் தாய்ப்பால் மட்டும் போதாதாகி, சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டப்படுகின்றன. அப்போதுதான் பிள்ளை தவழ்ந்து, மண்ணில் கிடந்ததையெல்லாம் வாயில் இடுகின்றது. வயிற்றோட்டமும் புழுவும் பற்றுகின்றன. பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒருவேளை சோறு கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களிலே இருந்தது. பெரியவர் வயிற்றை ஒருவேளைச் சோறு தாங்கலாம். சிறு குழந்தையின் வயிறோ கையளவினது. அது நாளிலே பலமுறை சிறிது சிறிதாக உண்டாலன்றி வளராது.

நோய்களின் பங்கும் சிறிதன்று. நிழலும் ஈரமும் நிறைந்த நிலம் கொழுக்கிப்புழுவுக்கு உகந்த இடம். மலசலகூடம் இல்லாத லயத்தைச் சுற்றிய மண்ணிலே இப்புழுவின் குடம்பிகள் பெருகி, வெறுங்கால் வழியே உடலினுட் புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்த தாய் எடை குறைந்த பிள்ளையைப் பெறுவாள். அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிதியத்தார் 1916ஆம் ஆண்டு மாத்தளைத் தோட்டங்களிலே இப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். மருந்து கொடுத்தலும் மலசலகூடம் கட்டுவித்தலும் அவர்தம் இரு முறைகள். மருந்துக்கு உடன்பட்ட தோட்டங்களிற் பல, மலசலகூடத்துக்கான செலவு என்றதும் தயங்கின. மருந்தினால் நீங்கிய புழு மண்ணிலிருந்து மீண்டும் வந்து ஒட்டியது. பிள்ளையின் வளர்ச்சி ஒருநாள் மருந்தால் உண்டாவதன்று என்னும் பாடத்தை அவ்வியக்கம் அன்றே புகட்டிற்று.

அடுத்து வந்தது பெருந்துயரம். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, மணற்படுகைகளிலே குட்டைகள் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்புகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியிலே மூண்ட மலேரியா கேகாலை, குருணாகல் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. சில மாதங்களுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. மாண்டோரிற் பெரும் பங்கினர் குழந்தைகளே. 1935ஆம் ஆண்டு பிறந்த 1,000 சிசுக்களில் 263 சிசுக்கள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன என்று அரசாங்கக் கணக்குக் கூறுகின்றது. நால்வருள் ஒருவருக்கும் மேல் என்று கொள்க. நமது ருவான்வெல்லப் பகுதியிலே மருந்தும் பருப்பு முதலிய உணவும் கொண்டு வீடுவீடாகச் சென்றவர்களுள் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலிலே ருவான்வெல்லத் தொகுதி மக்கள் அவரையே தங்கள் பிரதிநிதியாகத் தெரிந்தனர். பசியால் மெலிந்த உடலையே காய்ச்சல் எளிதிற் கொல்கின்றது என்பதை அவ்வாண்டுகள் நாடு முழுவதற்கும் உணர்த்தின.

அத்துயரத்தின்பின் இலங்கை வேகமாக முன்னேறியது. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் விரிந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமங்களிலே வீடு தேடிச் சென்று கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பார்த்தனர். 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டீ.டீ.ரீ. என்னும் நுளம்புக் கொல்லி மருந்து தெளிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டு ஆயிரத்துக்கு 141ஆக இருந்த சிசு மரணம், 1947ஆம் ஆண்டிலே 101ஆகக் குறைந்தது. ஓராண்டிலே இத்தகைய வீழ்ச்சி உலகோர் வியந்து பேசிய ஒன்றாகும். இன்று அவ்வெண் பத்துக்கும் கீழே உள்ளது.

ஆயினும், இப்பெருமையின் நிழல் தோட்டங்களுக்கு முழுமையாக எட்டவில்லை. கிராமத்துச் சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பு; தோட்டத்துச் சுகாதாரம் தோட்டக் கம்பெனியின் பொறுப்பு என்ற பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. பெருவீதியோரக் கிராமத்துத் தாயின் வாசலுக்கு அரசாங்க மருத்துவமாது வருவாள்; மலைமேல் லயத்துத் தாய்க்கோ தோட்டத்து மருந்துச்சாலைதான் கதி. அத்தோடு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வந்த சட்டத்தின்கீழும் சிலரே பிரசாவுரிமை பெற்றனர். வாக்கில்லாதவன் வாசலுக்கு வரும் சேவை பிந்தியே வரும் என்பது உலக வழக்கு. 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாற் குடும்பங்கள் பிரிந்தன. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால்தான் நாடற்ற நிலை இறுதியாகத் தீர்ந்தது. பிரசாவுரிமைப் போராட்டத்தை நாம் வாக்குரிமைப் போராட்டம் என்றே பேசுகின்றோம். மருத்துவமாது எவ்வாசலுக்கு வருவாள் என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருந்தது.

1970களின் நடுப்பகுதியிலே மீண்டும் பஞ்சம் வந்தது. உலகச் சந்தையிலே உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரிசிப் பங்கீடு சுருங்கிற்று. மாவு கிடைத்தற்கு அரிதாயிற்று. ரொட்டியையே நம்பியிருந்த தோட்டக் குடும்பங்கள் வாடின. 1974ஆம் ஆண்டு தோட்டப்புறங்களிலே மரணங்கள் கூடின. சிசு மரணமும் கூடிற்று. தேயிலை விற்ற பணத்தால் நாட்டின் இலவச அரிசிக்கும் இலவசக் கல்விக்கும் உதவிய மக்களின் தொட்டில்களே அன்று வெறுமையாயின. பட்டினி கிடந்தோர் நகர வீதிகளில் அலைந்ததும், வன்னிக்குச் சென்று குடியேறியதும் அக்காலத்திலேதான்.

அதன்பின் மாற்றங்கள் மெல்ல வந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷா என்னும் சத்துமா கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் வழங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் ஏற்பட்டது. மகப்பேற்று விடுமுறை நீண்டு இன்று 84 நாட்களாகியுள்ளது. எத்தனையாவது பிள்ளையாயினும் இந்நன்மை ஒன்றே என்று 2018ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகின்றது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இடைவேளை அளிக்கவேண்டும் என்பதும் சட்டமாயிற்று. 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தொழிலாளர் நலனைக் கவனித்தற்கு ஒரு நம்பிக்கை நிதியமும் அமைக்கப்பட்டது. பிள்ளைக்காம்பரா பல தோட்டங்களிலே ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ எனப் பெயர் பெற்றது. மலையில் வேலை செய்ய இயலாத முதியவள் இருந்த இடத்திலே, பயிற்சி பெற்ற இளம் பெண்கள் பலர் இன்று பணியாற்றுகின்றனர்.

இனி, அளவு என்னும் செய்திக்கு மீள்வோம். தோட்டத்திலே தராசுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பறித்த கொழுந்து நாளிலே பலமுறை நிறுக்கப்பட்டது. வெட்டிய பால் அளக்கப்பட்டது. கொடுத்த அரிசியும் நிறுத்தே கொடுக்கப்பட்டது. பிள்ளையை நிறுக்கும் தராசுதான் மிகப் பிந்தி வந்தது. ஆங்கில மருத்துவர் டேவிட் மோர்லி என்பார், 1950களின் பிற்பகுதியிலே நைஜீரியாவின் இமேசி இலே என்னும் கிராமத்திலே பணியாற்றியபோது, மாதந்தோறும் பிள்ளையின் எடையைப் புள்ளியிட்டுக் கோடாக வரையும் அட்டையை வகுத்து, அதைத் தாயின் கையிலேயே கொடுத்துவைத்தார். கோடு ஏறினால் நலம்; கிடையாக நின்றால் எச்சரிக்கை; இறங்கினால் ஆபத்து. எழுத்தறியாத தாயும் இதனை உணர்வாள். இம்முறை உலகெங்கும் பரவி, நம் நாட்டிலும் ஒவ்வொரு தாயின் கையிலும் உள்ள பிள்ளை வளர்ச்சிப் பதிவேடாக விளங்குகின்றது.

அவ்வாறு அளக்கத் தொடங்கியபின் நாம் கண்டது என்ன? 2006–2007ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்குச் சுமார் 40 பேர். 2016ஆம் ஆண்டின் அளவீட்டிலே தோட்டத்து எண் 32ஆகக் குறைந்தது; நாட்டின் எண் 17 என்ற அளவிலேயே நின்றது. எடைக் குறைவு ஒரு மாதத்துக் காய்ச்சலாலும் வரலாம். உயரக் குறைவோ, கருவிலிருந்து தொடங்கி இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த குறைகளின் சுவடாகும். நூற்றுக்கு நாற்பது முப்பத்திரண்டானது முன்னேற்றமே. எனினும், மூன்றில் ஒரு பிள்ளை இன்னும் குன்றியே வளர்ந்தது என்பதை மறத்தலாகாது.

இவ்விடத்திலே அடிக்கடி கேட்கப்படும் சமாதானம் ஒன்றுண்டு. ‘எங்கள் பிள்ளைகள் வம்சத்திலேயே சிறியவர்கள், தாய் தகப்பனைப் போலத்தானே பிள்ளையும் இருக்கும்’ என்பர். தாய்மார் இதனை ஆறுதலாகச் சொல்வர். பொறுப்பிலுள்ளோர் சிலர் இதனைச் சாக்காகச் சொல்வர். இக்கூற்றை அறிவியல் தீர்க்கமாக ஆராய்ந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிலே எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை அளந்தது. தாய்ப்பால் உண்டு, நல்ல சூழலிலே வாழ்ந்த, தாயார் புகைபிடிக்காத குடும்பத்துப் பிள்ளைகளே தெரிந்தெடுக்கப்பட்டனர். இந்தியப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் முதல் ஐந்து ஆண்டுகளிலே ஏறக்குறைய ஒரே அளவிலே வளர்ந்தனர். உயரத்திலே காணப்பட்ட வேறுபாட்டில், நாட்டிற்கு நாடு உள்ள வேறுபாட்டின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே. இம்முடிவை அடிப்படையாகக் கொண்டே 2006ஆம் ஆண்டு உலகப் பொது வளர்ச்சி அளவுகள் வெளியாயின.

ஆகவே, தோட்டத்துப் பிள்ளையின் சிறுமை வம்சத்தின் சொத்தன்று. நாம் இதுவரை கேட்ட சரித்திரத்தின் சுவடாகும். விடியுமுன் புறப்பட்ட தாய், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் சூழ்ந்த விறகுப்புகை, வெறுங்காலிற் புகுந்த புழு, ஒருவேளைச் சோறு, ஒரு வயதோடு நின்ற சட்டம், வாசலுக்கு வராத மருத்துவமாது ஆகிய இவையெல்லாம் சேர்ந்து அப்பிள்ளையின் உயரத்தை அரிந்தன. தாயே குன்றி வளர்ந்தவளாயின் அவள் பெறும் பிள்ளையும் எடை குறைந்து பிறத்தல் உண்டு. அதனாலன்றோ வம்சம் என்னும் மயக்கம் உண்டாகின்றது! ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் நன்கு உண்டு வளர்ந்தால், அடுத்த தலைமுறை நிமிரும். சரித்திரத்தால் வந்த குறையைச் சரித்திரமே தீர்க்கவும் கூடும்.

உடல் வளர்ச்சியோடு உள்ள வளர்ச்சியும் இணைந்தது என்பதற்கு, நம்மைப் போலவே தோட்டங்களாலே உருவான மற்றொரு தீவின் கதையைக் கூறி முடிக்க விரும்புகின்றேன். யமேக்கா, ஆபிரிக்க மக்களின் அடிமை உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் செழித்த தீவு. அதன் தலைநகராகிய கிங்ஸ்டனிலே, 1980களின் நடுவிலே, குன்றிய வளர்ச்சியுடைய 129 மழலைகளை ஆராய்ச்சியாளர் தெரிந்தனர். சிலருக்குச் சத்துணவு கொடுத்தனர். வேறு சிலர் வீட்டிற்கு வாரந்தோறும் ஒரு சுகாதாரப் பணியாளர் சென்று, வீட்டிலே செய்த எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு பிள்ளையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தன. இருபது ஆண்டுகளின் பின்னர் ஆராய்ந்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட நூற்றுக்குச் சுமார் 25 பங்கு கூடுதலாகச் சம்பாதித்தனர். பொம்மைகள் விலையுயர்ந்தவை அல்ல. வந்தவர்கள் பேராசிரியர்களும் அல்லர். பிள்ளையின் முகம் பார்த்துப் பேச ஒருவர் இருந்தார், அவ்வளவே.

பாடசாலையிலே முதலாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளை, கரும்பலகையை நோக்குமுன்பே ஐந்தாண்டுச் சரித்திரத்தைத் தன் உடலிலும் மொழியிலும் சுமந்து வருகின்றது. கேட்ட கேள்விக்கு விடை கூறும் பிள்ளைக்கு, முன்பே எவரோ ஆயிரம் கேள்விகள் கேட்டுப் பதில் சொல்லப் பழக்கியிருக்கின்றனர். விடை கூறாது குனிந்திருக்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று கூறுமுன், அதனோடு எவர் எந்நேரத்திற் பேசினார் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். அக்கேள்வியின் விடை மீண்டும் பிள்ளைக்காம்பராவின் வாசலுக்கே நம்மை அழைத்துச் செல்லும்.

எனவே, சிறுவர் நிலையத்திலே பணிபுரியும் சகோதரிகளைத் தோட்டத்தின் முதலாசிரியர்கள் என்று மதித்தல் வேண்டும். அவர்தம் ஊதியமும் பயிற்சியும் அம்மதிப்பிற்கு ஏற்றதாதல் வேண்டும். பாலூட்டும் இடைவேளையைச் சலுகையாக எண்ணாது உரிமையாகக் கேட்கத் தாய்மாரும், கடமையாக அளிக்க நிருவாகத்தாரும் பழகவேண்டும். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குத் தேநீரும் ரொட்டியும் போதாது; குழைத்த சோற்றிலே பருப்பும், கீரையும், கருவாடோ முட்டையோ சேர்தல் வேண்டும். தகப்பன்மார் மாலையிலே சிறிது நேரமாயினும் பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்லவேண்டும். மருத்துவமாது பதிவேட்டிலே புள்ளி இடும்போது, ‘கோடு ஏறுகின்றதா?’ என்று தாய்மார் தயங்காது கேட்கவேண்டும்.

செங்கீரையும் சப்பாணியும் தளர்நடையும் மன்னவன் பிள்ளைக்கு மட்டும் உரியவை அல்ல. இறப்பர்க் காட்டின் நடுவே உள்ள லயத்திலும் அப்பருவங்கள் உரிய காலத்திலே வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை எண்ணிக் கொண்டாடவும், பிந்தினால் ஏன் என்று கேட்கவும் அங்கே ஒருவர் இருத்தல் வேண்டும்.